ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்ணும் ஊட்டி மாநாடும்

ஊட்டியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஜான் சல்லிவனில் தொடங்குவார்கள். அவர் கட்டிய கல் பங்களா, கோடைதோறும் மலையேறி வந்த சென்னை மாகாண அரசு, சின்கோனா, தேயிலை, 1908-ல் ஊட்டியை எட்டிய மலை ரயில், பிறகு சினிமாப் படப்பிடிப்பு என்று கதை போகும். 1984 ஜனவரி 5, வியாழக்கிழமை தொடங்கி 10, செவ்வாய்க்கிழமை வரை எண்களைப் பற்றி மட்டும் பேசுவதற்கென்று இந்த ஊரில் ஒரு மாநாடு நடந்தது. அதை எந்த ஊர் வரலாற்றிலும் நான் படித்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஜனவரியில் நான் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். சல்லிவனின் கல் பங்களா வளாகம்தான் எங்கள் கல்லூரி. உறைபனிக் காலம். விடியற்காலையில் குதிரைப் பந்தய மைதானத்துப் புல் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். குன்னூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் எங்களுக்குப் பேனா பிடிக்க விரல் மடங்காது. ஊருக்குள் அப்படி ஒரு மாநாடு நடக்கும் செய்தி எங்கள் காதை எட்டவில்லை. படிப்பு முடிந்து, நான் கணித ஆசிரியையாகிப் பல காலம் கழித்து, சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் நூலகத்தில் மஞ்சள் அட்டை போட்ட ஒரு தொகுப்பு கைக்கு வந்தது. அட்டையிலேயே எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. நின்றபடியே புரட்டத் தொடங்கினேன்.

அந்த நிறுவனத்தை அப்போது ‘மேட்சயன்ஸ்’ என்பார்கள். மயிலாப்பூரில் தன் வீட்டு மாடியில் இயற்பியல் கருத்தரங்கு நடத்திவந்த அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-ல் அதைத் தொடங்கி 1983 வரை இயக்குநராக இருந்தார். நிறுவனத்தின் எண்கோட்பாட்டு மாநாடு 1981 ஜூனில் மைசூரில் நடந்தது, அடுத்தது ஊட்டியில். இரண்டின் கட்டுரைகளையும் தொகுத்தவர் அவருடைய மகன் கிருஷ்ணசுவாமி அல்லாடி. ஊட்டித் தொகுப்பை 1985-ல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் தன் கணித விரிவுரைக் குறிப்புகள் வரிசையில் 1122-ஆம் தொகுதியாக வெளியிட்டது.

அந்த 1122-ஐப் பார்த்ததும் என் கை தானாகவே பென்சிலைத் தேடியது. 2 × 3 × 11 × 17. அடுத்தடுத்த எண்களான 33-ஐயும் 34-ஐயும் பெருக்கினாலும் 1122-தான். அதோடு அந்த நான்கு பகாக் காரணிகளையும் கூட்டுங்கள்: 2, 3, 11, 17. வருவது 33. வரிசை எண் தற்செயலாக விழுந்ததுதான். ஆனால் ஓர் எண்ணின் பகாக் காரணிகளைக் கூட்டினால் கிடைக்கும் தொகை எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றித்தான் கிருஷ்ணசுவாமி அல்லாடி 1977-ல் ஒரு பெரிய மனிதருடன் சேர்ந்து கட்டுரை எழுதியிருந்தார். அந்தப் பெரிய மனிதரின் கட்டுரை ஊட்டித் தொகுப்பில் 74-ஆம் பக்கத்திலிருந்து 84-ஆம் பக்கம் வரை இருக்கிறது. அவர் பெயர் பால் எர்டோஸ்.

எர்டோஸைக் கணிதம் படித்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1913-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். வீடு இல்லை, நிலையான வேலை இல்லை, குடும்பம் இல்லை. கையில் ஒரு பெட்டியோடு ஊர் ஊராகப் போய், அங்கே இருப்பவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, கட்டுரை எழுதிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். இப்படியே ஏறக்குறைய 1,500 கட்டுரைகள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கூட்டாளிகள். சென்னையில் கல்லூரி மாணவனாக இருந்த கிருஷ்ணசுவாமியையும் 1975-ல் அப்படித்தான் வந்து சந்தித்தார். இந்தியாவில் சொற்பொழிவாற்றிக் கிடைத்த பணத்தை ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடம் கொடுத்துவிட்டார். ராமானுஜனை அவர் பார்த்தது கிடையாது. ராமானுஜன் இறந்தபோது அவருக்கு ஏழு வயது. கணக்கில் பட்ட கடனை அப்படி அடைத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஊட்டித் தொகுப்பில் உள்ள அவருடைய கட்டுரை ஒரு கேள்விப் பட்டியல். எண்கோட்பாட்டில் தான் எழுப்பிய கேள்விகளில் எவற்றுக்கு விடை கிடைப்பதைப் பார்க்க மிகவும் ஆசைப்படுகிறேன் என்பதுதான் அதன் தலைப்பே. எழுபதை எட்டிவிட்ட ஒரு மனிதர் தன் ஆசைகளை எழுதிவைத்த இடம் எங்கள் ஊரின் பெயரோடு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. கணிதக் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில், சான்று நூல்களின் வரிசையில், அடைப்புக்குறிக்குள் ‘ஊட்டகமண்ட், 1984’ என்று இருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் பார்க்காத இடம் அது.

அந்தக் கேள்விகளின் வேர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். மறு ஆண்டு, போருக்கு நடுவில், கேம்பிரிட்ஜிலிருந்து லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பக்கம் 347-ல் தொடங்கி 409-ல் முடிகிறது. 1916-ல் அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்காகத்தான். கட்டுரையின் கேள்வி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியக்கூடியது. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகமான காரணிகள் கொண்ட எண்கள் எவை?

12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 24-க்கு எட்டு, 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு. பகா எண்ணுக்கு 1-ம் அதுவும் தவிர வேறு துணை இல்லை. இவை அதற்கு நேர் எதிர்க் கோடியில் நிற்பவை. பாட நூலில் இவற்றுக்குப் பெயர் இல்லாததால் என் வகுப்பில் ‘உயர் பகு எண்கள்’ என்று சொல்லிவந்தேன். அப்படிப்பட்ட எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2-ல் தொடங்கி ஒரு பகா எண்ணும் விட்டுப்போகாமல் வரிசையாக வரும், 2-ன் அடுக்குதான் பெரியது, போகப்போக அடுக்கு ஏறாது, கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும் என்று ராமானுஜன் நிறுவினார். கடைசி விதிக்கு விலக்கு இரண்டே இரண்டு: 4, 36.

பிறகு, கணினி என்ற ஒன்று இல்லாத காலத்தில், தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு பட்டியல் போட்டார். 2-ல் தொடங்கி 102 எண்கள். கடைசி எண் 6746328388800. நம் வழக்கில் சொன்னால் 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10,080 காரணிகள். எந்த எழுத்தருக்கும் பெருமை சேர்க்கும் பேரேடு அது.

அந்தப் பேரேட்டில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. 293318625600. அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. பிற்காலத்தில் திரும்பக் கணக்குப் போட்டவர்கள் கண்ணில் அது பட்டது.

இந்த எண்ணைத்தான் நான் குன்னூரில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பகாக் காரணிப் பாடம் தொடங்கும்போதெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். ஹட்டிகளிலிருந்து வரும் படகர் வீட்டுப் பிள்ளைகளும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளும் கலந்த வகுப்பு. பன்னிரண்டு இலக்கத்தைப் பார்த்ததும் முதலில் ஒரு பேச்சும் இருக்காது. “வகுத்துப் பாருங்க, பயப்பட வேணாம்” என்பேன். 2-ஆல் ஆறு தடவை போகும். 3-ஆல் நான்கு தடவை. 5-ஆல் இரண்டு, 7-ஆல் இரண்டு. பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு தடவை. அதோடு 1 வந்து நிற்கும். 64 × 81 × 25 × 49 × 11 × 13 × 17 × 19. அவ்வளவுதான் அந்த எண். இவ்வளவு பெரிய ஒன்று இருபதுக்குள் உள்ள பகா எண்களால் மட்டும் ஆனது என்பதைக் கண்ட பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே ஆசிரியர் வேலைக்கு வரலாம்.

காரணிகளை எண்ணுவதும் எளிது. 2-ஐ ஒரு தடவையும் எடுக்காமலோ, ஆறு தடவை வரையிலோ எடுக்கலாம், ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. “டீச்சர், இது எதால எல்லாம் வகுபடும்?” என்று கேட்பார்கள். 1 முதல் 22 வரை எதை வைத்து வேண்டுமானாலும் வகுக்கலாம், மீதி வராது. 23-க்கு வரும்போதுதான் முதல்முறையாக மீதி நிற்கும்.

அந்த 23-ஐ நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். விட்டுப்போன எண்ணுக்கு முந்தைய உயர் பகு எண் 240940299600, அடுத்தது 321253732800. முதலாவதற்கு 4,800 காரணிகள், மற்றதற்கு 5,376. இரண்டிலும் 7 ஒரு தடவைதான் வருகிறது, 23 இருக்கிறது. நடுவில் உள்ள நம் எண்ணில் 7 இரண்டு தடவை வருகிறது, 23 இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் 23-ஐ வைத்துக்கொண்டு நிற்கும்போது 19-ஓடு நின்றுவிட்ட ஒன்றைக் கண் தாண்டிப்போவது எளிது என்றே எனக்குத் தோன்றுகிறது. விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 6746328388800. ராமானுஜன் தன் பட்டியலை முடித்த அதே எண். அதன் 23-ல் ஒரு பங்குதான் பட்டியலில் இல்லாமல் போனது.

விட்டுப்போனதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இதற்கு 5040 காரணிகள் என்றேன். சரியாக 5040 காரணிகள் கொண்ட எண்களில் ஆகச் சிறியது இதுதான். 5040-க்கு எத்தனை காரணிகள்? 60. அறுபது காரணிகள் கொண்டவற்றில் ஆகச் சிறியது 5040. 60-க்குப் பன்னிரண்டு, 12-க்கு ஆறு, 6-க்கு நான்கு, 4-க்கு மூன்று. ஒவ்வொன்றும் அத்தனை காரணிகள் உள்ளவற்றில் ஆகச் சிறியது. 3, 4, 6, 12, 60, 5040, 293318625600. ஏழே படிகளில் மூன்றிலிருந்து இருபத்தொன்பதாயிரம் கோடிக்கு மேல். அடுத்த படியில் நிற்கும் எண்ணுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அதை எழுத என் கரும்பலகையின் அகலம் போதாது. ராமானுஜனிடமிருந்து நழுவியது ஏதோ ஒரு எண் இல்லை. இந்தப் படிக்கட்டின் ஒரு படி.

மேதையிடமும் ஒன்று நழுவும் என்று பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்வதற்காக இதை நான் எடுக்கவில்லை. திரும்ப எண்ணும் பழக்கத்தைச் சொல்வதற்காகத்தான் எடுத்தேன். என் அம்மா தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்களை இந்த மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அம்மா கொழுந்து பறித்தார். தராசில் கூடையை நிறுத்து ஆள் எழுதிக்கொள்வார். மாதம் முடிந்தால் தோட்டத்துப் பதிவேடான செக்ரோல்படி சம்பளம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் லயத்து வாசல் சுவரில் கிலோவுக்கு ஒரு கோடாகக் கரியால் போட்டுக்கொண்டே வருவார். ஐந்தாவது கோடு மற்ற நான்கையும் குறுக்கே வெட்டும். சம்பள நாளுக்கு முந்தின ராத்திரி நான்தான் அதைக் கூட்டிச் சொல்வேன். “அவங்க எண்ணுறது அவங்க எண்ணட்டும். நாமளும் ஒருக்கா எண்ணிப் பாத்துக்கணும் பாப்பா” என்பார். அவருக்கு யார் மேலும் சந்தேகம் கிடையாது. எண்ணிக்கை என்றால் இரண்டு பேர் எண்ண வேண்டும் என்று நினைத்தார். கணித வரலாற்றைப் படிக்கப் படிக்க, அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று பார்க்கிறேன். எர்டோஸும் லியோனிதாஸ் அலாவோக்லுவும் சேர்ந்து 1944-ல் ராமானுஜனின் உயர் பகு எண்களை மறுபடியும் கையில் எடுத்தார்கள். காரணிகளின் எண்ணிக்கையோடு நிற்காமல் காரணிகளின் கூட்டுத்தொகைக்கும் அதே கேள்வியைக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருவரின் பேரேடு நாற்பது ஆண்டுகள் கழித்து அதே எர்டோஸின் கட்டுரை வழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்ததாகவே நான் பார்க்கிறேன்.

   

1984-க்கு வருகிறேன். அந்த ஆண்டு 5040-ன் ஆண்டு என்றே சொல்வேன்.

5040 பழைய எண். பிளேட்டோ தன் ‘சட்டங்கள்’ நூலில் ஒரு நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்கட்டும் என்றார். நிலம் பிரிக்க, வரி போட, போருக்கு ஆள் பிரிக்க எப்படி வேண்டுமானாலும் பங்கு போடலாம் என்பது அவர் சொன்ன காரணம். அதையே விட்டுவிட்டு மற்ற காரணிகள் 59 என்று எண்ணியும் வைத்தார். எண்ணைக் கொண்டு வேலை செய்பவர்கள் எல்லாக் காலத்திலும் இப்படித்தான். ஊட்டிக்கு வெளியே முத்தோரையில், மலைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் வானொலித் தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. அதில் 1056 இருமுனை வாங்கிகள். 48, 48-ஆக 22 தொகுதிகள். பங்கு போட இடங்கொடுக்கும் எண்ணாகப் பார்த்து எடுத்தால் கம்பி இழுப்பது எளிது.

எர்டோஸ் 1952-ல் லியோன் மிர்ஸ்கியோடு சேர்ந்து ஒரு கேள்வி கேட்டிருந்தார். 14-க்கும் 15-க்கும் நான்கு நான்கு காரணிகள். 21, 22-ம் அப்படியே. 33, 34, 35 மூன்றும் அப்படியே. இப்படி அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குக் காரணிகளின் எண்ணிக்கை சமமாக வருவது முடிவில்லாமல் நடக்குமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விபோல இருக்கும். முப்பது ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியவில்லை. 1981-ல் கிளாடியா ஸ்பைரோ அதைச் சுற்றி வளைத்துப் பிடித்தார். ஓர் எண்ணும், அதிலிருந்து 5040 தள்ளி நிற்கும் எண்ணும் சமமான எண்ணிக்கையில் காரணிகள் கொண்டிருப்பது முடிவில்லாமல் நடக்கும் என்று நிறுவினார். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு ரோஜர் ஹீத்-பிரவுன் 5040-ஐ 1-ஆகச் சுருக்கினார். அது வெளிவந்தது 1984-ல். எர்டோஸின் கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை கிடைத்தது.

அதே 1984-ல் பிரான்சில் கீ ரோபேன் 5040-ஐ இன்னொரு வாசலில் கண்டார். ஓர் எண்ணின் காரணிகள் அனைத்தையும் கூட்டி, அந்த எண்ணாலேயே வகுக்க வேண்டும். இன்னொரு பக்கம், அதே எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடியும் இயல் மடக்கை எடுத்து ஏறக்குறைய 1.781 ஆகும் ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். 5040-ஐத் தாண்டிய எல்லா எண்களுக்கும் முதலாவது இரண்டாவதைவிடச் சிறியதாகவே இருந்தால் ரீமானின் கருதுகோள் உண்மை. கருதுகோள் உண்மையானால் அது அப்படியேதான் இருக்கும். பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பது பற்றி 1859-ல் ரீமான் எழுதிய அந்தக் கருதுகோள் கணிதத்தின் தீராத கேள்விகளிலேயே பெரியது. அதைக் காரணிகளின் கூட்டலாக மாற்றி நம் வகுப்பறை வாசலில் கொண்டுவந்து வைத்தவர் ரோபேன்.

ராமானுஜன் இதன் பக்கத்திலேயே நின்றிருந்தார் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. 1915-ல் லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. அதனால் கட்டுரையின் பிற்பகுதியை அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். அந்தக் கையெழுத்துப் படி 1988-ல் டெல்லியில் ‘தொலைந்த நோட்டுப் புத்தக’த் தொகுப்போடு வெளிவந்தது. காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு தூரம் பெருகலாம் என்பதற்கு, ரீமான் சொன்னது உண்மை என்று வைத்துக்கொண்டு, அவர் போட்ட எல்லை அதில் இருக்கிறது. எர்டோஸும் அலாவோக்லுவும் 1944-ல் எட்டியவற்றில் சிலவும் அதில் இருக்கின்றன. 1997-ல் ழான்-லூயி நிக்கோலாவும் அதே ரோபேனும் அந்தப் பகுதியை வரிவரியாகச் சரிபார்த்து, குறிப்புகளோடு ‘ராமானுஜன் ஜர்னல்’ ஏட்டின் முதல் தொகுதியில் வெளியிட்டார்கள். அந்த ஏட்டைத் தொடங்கியவர், ஊட்டித் தொகுப்பின் ஆசிரியர் கிருஷ்ணசுவாமி அல்லாடி.

ரோபேனின் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். மடக்கை தெரிந்த கால்குலேட்டர் ஒன்று போதும். 5040-ன் காரணிகளின் கூட்டுத்தொகை 19,344. அதை 5040-ஆல் வகுத்தால் 3.838, எல்லை 3.817. மயிரிழையில் தாண்டிவிட்டது. ராமானுஜனிடம் விட்டுப்போன எண்ணுக்கு 5.599; எல்லை 5.830. பட்டியலின் கடைசி எண்ணுக்கு 5.842, எல்லை 6.030. இரண்டும் உள்ளேதான் நிற்கின்றன. 5040-க்கு அப்பால் அந்த எல்லையைத் தாண்டும் எண் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் ரீமான் சொன்னது தவறு என்றாகிவிடும். பெரிய பெரிய எண்களுக்கெல்லாம் இப்போது கணினியை வைத்துத் தேடுகிறார்கள். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.